துப்பாக்கிக் குழலின் ஜாதகம்

பழைய துப்பாக்கி ஒன்று கைக்கு வந்தால் எல்லோருடைய கண்ணும் முதலில் விசைக்குத்தான் போகும். திரி வைத்துச் சுட்டதா, சக்கிமுக்கிக்கல் வைத்ததா, கேப் போட்டதா என்று பார்த்து வயது சொல்லிவிடுவார்கள். புத்தகங்களும் அப்படித்தான் இனம் பிரிக்கின்றன. எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. விசையைக் கழற்றி மாற்றலாம். கட்டை கரையானுக்கும் மழைக்கும் போய்விடும். திரித் துப்பாக்கியாகப் பிறந்த குழல் பின்னால் கல் விசை பூட்டிக்கொண்டு, அதற்கும் பின்னால் கேப் விசைக்கு மாறி, இரண்டு மூன்று கட்டைகளில் குடியிருந்துவிட்டு நம்மிடம் வந்து சேர்ந்திருக்கும். குழலின் வலப்பக்கத்தில் மருந்துக்கிண்ணி இருந்த இடத்தை அரத்தால் ராவி எடுத்த தழும்பு இருக்கும். விரலால் தடவினால் தெரியும். விசையைப் பார்த்து வயது சொன்னவர் அந்தத் தழும்பைப் பார்த்திருக்க மாட்டார்.

நாஞ்சில் நாட்டில் துப்பாக்கி என்றதும் பேச்சு 1741 குளச்சல் போருக்குப் போய், அதில் பிடிபட்டுப் பின்னால் திருவிதாங்கூர்த் தளபதியான டிலனாயிடம் நின்றுவிடும். குழலின் கதை அதற்கு வெகுகாலம் முன்னால், உலையில் தொடங்குகிறது.

19-ஆம் நூற்றாண்டு வரைக்கும் தமிழ்நாட்டில் மண் உலைகளில் இரும்பு எடுத்தார்கள். சேலம் கஞ்சமலைப் பக்கத்துக் காந்தக்கல் அதற்குப் பேர்போனது. கல்லையும் கரியையும் மாற்றி மாற்றிப் போட்டு, தோல் துருத்தியால் விடாமல் ஊதுவார்கள். அடியில் திரள்வது உருகி ஓடும் இரும்பு அல்ல; பொத்தலும் கசடும் நிறைந்த கட்டி. (மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மின்னுகிற கருமணலைக் காட்டி, இரும்பு இங்கேயே கொட்டிக் கிடந்ததே என்று சிலர் சொல்வதுண்டு. அந்தக் கறுப்பு பெரும்பாலும் இல்மனைட், டைட்டானியத்தின் தாது.)

கட்டியைக் காய்ச்சி, அடித்து, மடித்து, மறுபடியும் அடித்து நீட்டும்போது மிச்சமிருக்கும் கசடு நூல் நூலாக இழுபட்டு இரும்புக்குள்ளேயே படுத்துக்கொள்ளும். அதனால் கொல்லனின் இரும்புக்கு நாரோட்டம் உண்டு. நார் ஓடும் வாக்கில் இழுத்தால் தாங்கும்; குறுக்கே இழுத்தால் பிளந்துகொள்ளும். குழல் அடிக்கிறவனின் கெட்டிக்காரத்தனம் அந்த நாரை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில்தான்.

எளிய வழி ஒன்று உண்டு. நீளமான தகட்டை ஒரு கம்பியைச் சுற்றி வளைத்து, இரண்டு ஓரங்களையும் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, வெள்ளையாகப் பழுக்கக் காய்ச்சி அடித்து ஒட்டுவது. குழல் வந்துவிடும். ஆனால் நுனியிலிருந்து அடிவரை நேராக ஒரே ஒட்டு. நாரும் அதே வாக்கில் நீளமாக ஓடும். மருந்து வெடிக்கும்போது குழலைச் சுற்றளவில் கிழிக்கிற விசை, நீளவாக்கில் பிய்க்கிற விசையைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆகவே எங்கே பலம் வேண்டுமோ அங்கே இந்தக் குழல் பலவீனம். அது ஒட்டோடு ஒட்டாகத் திறந்துகொண்டால் போவது சுடுகிறவனின் கண்ணும் கையும்.

இன்னொரு வழி சுற்றுவழி. நம்மூர்ப் பிள்ளைகள் தென்னை ஓலையைச் சரிவாகச் சுற்றி ஊதுகிற பீப்பியைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதே கைவேலைதான். இரும்புப் பட்டையைக் கம்பியின்மேல் சாய்வாகச் சுற்றி, சுற்றின் ஓரம் முந்தின சுற்றின்மேல் ஏறி உட்காரும்படி வைத்து, சிறிது சிறிதாகக் காய்ச்சி ஒட்டிக்கொண்டே போவது. இப்போது நார் குழலைச் சுற்றி ஓடுகிறது, கிழிக்கிற விசைக்கு நேரெதிராக. 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அக்பரின் அவையில் இருந்த அபுல் ஃபசல் தம் ‘அய்ன்-இ-அக்பரி’யில் இந்த இரண்டையும் எழுதி வைத்திருக்கிறார். ஓரத்தை ஒட்டிச் செய்த பழைய குழல்கள் வெடித்து ஆளைக் கொன்றதையும், சாய்வாகச் சுற்றிச் செய்யும் முறை அக்பர் காலத்தில் வந்ததையும் சொல்கிறார். நீளத் துப்பாக்கிக்கு முழுக் குழலையும் ஒரே மூச்சில் செய்யாமல், துண்டு துண்டாகச் செய்து முனையோடு முனை இணைத்தார்கள் என்ற விவரமும் அதில் உண்டு. பட்டறையில் நின்று பார்த்தவர் எழுதியது என்பது படிக்கும்போதே தெரியும்.

இந்த வேலையில் சூடுதான் எல்லாம். சிவப்பில் அடித்தால் ஒட்டாது. வெள்ளையாகிப் பொறி பறக்கும் தறுவாயில் அடிக்க வேண்டும். ஒரு கணம் தப்பினால் இரும்பே எரிந்துபோகும். இடையில் துருச்செதில் சிக்கிக்கொள்ளாமல் இருக்கப் பொடிமணலோ வெங்காரமோ தூவுவார்கள். அப்படியும் ஒரு முழக் குழலில் எத்தனை சுற்று, எத்தனை ஒட்டு! ஓரிடத்தில் சம்மட்டி பிந்தினால் போதும், வெளியே ஒட்டியதுபோலக் காட்டிக்கொண்டு உள்ளே விட்டுப்போயிருக்கும். அதைக் கண்ணால் பார்க்க வழியில்லை. கொல்லன் இதற்குக் கண்ட மாற்று, இரும்பைத் தாராளமாகப் போடுவது. நம் திரித் துப்பாக்கிக் குழல்கள் அடிப்பக்கத்தில் அவ்வளவு தடித்து, தூக்கினால் தோள் இறங்கும் கனத்தில் இருப்பதன் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ஐரோப்பிய ஆசிரியர்கள் சிலர் இதைக் கரடுமுரடான வேலை என்று தள்ளிவிடுகிறார்கள். மருந்தின் வேகம் கலவைக்குக் கலவை மாறும், அதை அளந்து போடுகிறவனும் அளவுச்சிமிழ் வைத்திருப்பான் என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்டவனுக்குச் செய்து கொடுக்கும் குழலில் கொல்லன் கனத்தைக் கூட்டினான் என்றால் அவனுக்குத் தொழில் தெரியும் என்றுதான் பொருள்.

அடித்து முடித்த குழலின் உட்புறம் மேடும் பள்ளமுமாக இருக்கும். நீளத் துளைக்கோல் விட்டுக் குடைந்து சமன் செய்ய வேண்டும். அக்பரின் பட்டறையில் இதற்கு மாடு சுற்றும் சக்கரமே வைத்திருந்தார்கள். பிறகு அடிப்பக்கத்தை அடைக்க வேண்டும். ஐரோப்பியக் குழலில் அது புரியாணி. மரை வெட்டித் திருகியிருப்பார்கள். நம் குழல்கள் பலவற்றில் அடைப்பைக் காய்ச்சி ஒட்டியோ, செம்போ பித்தளையோ உருக்கிப் பற்றவைத்தோ இருக்கிறார்கள். மரை உள்ளவையும் உண்டு. சிலவற்றில் மருந்து உட்காரும் அறை குழலின் துளையைவிடக் குறுகலாக இருக்கும்: மருந்து குறைவு, சுவர் தடிப்பு. பக்கத்தில் பற்றுவாய், அதன் வாசலில் கிண்ணி, கிண்ணிக்கு மழையும் காற்றும் படாமல் ஒரு மூடி. குழலைக் கட்டையோடு பிணைப்பதற்குத் தோல்வாரோ பித்தளைப் பட்டையோ. கட்டையை மாற்றுவது சுலபமானதற்கு இந்தக் கட்டும் ஒரு காரணம். அவிழ்த்தால் குழல் தனியே கையில் வந்துவிடும்.

சிறுகுழலுக்கு மட்டும் இந்தச் சுற்றுவேலை என்று நினைக்க வேண்டாம். தஞ்சாவூர்க் கீழவாசலில் கிடக்கிறதே ராஜகோபால பீரங்கி, 7.5 மீட்டர் நீளம், அது வார்த்ததல்ல, அடித்து ஒட்டியது. உள்ளே நீளப் பட்டைகளை வட்டமாக நிறுத்தி, வெளியே இரும்பு வளையங்களை வரிசையாக ஏற்றி இறுக்கியிருக்கிறார்கள். நீளத்துக்கு ஒரு நார், சுற்றளவுக்கு ஒரு நார். கான்பூர் ஐஐடியின் உலோகவியலாளர் ஆர். பாலசுப்பிரமணியம் அதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

இனி கடல் வழி. 1510-இல் கோவாவைப் பிடித்த போர்த்துக்கீசியர் அங்கே ஏற்கெனவே துப்பாக்கிக் கொல்லர்கள் இருப்பதைக் கண்டார்கள். மூன்று வருஷம் கழித்து அவர்களின் ஆளுநர் அல்புகெர்க் தம் அரசருக்கு எழுதிய கடிதத்தில், இவர்கள் செய்வது பொஹீமியத் துப்பாக்கிக்குச் சளைத்ததல்ல என்று புகழ்கிறார். அந்தக் கலப்பில் ஒரு வகை உருவாயிற்று. வடஇந்தியத் திரித் துப்பாக்கியில் விசையை அழுத்த அழுத்தத் திரி மெதுவாகக் கிண்ணியில் இறங்கும். கோவா, மலையாளக் கரை, இலங்கை வகையில் வெளிப்புறத்தில் ஒரு வில். விரல் பட்டதும் திரி பிடித்த குதிரை சட்டென்று விழும். கட்டையும் குட்டை, தோளில் சாத்தாமல் கன்னத்தோடு ஒட்டிவைத்துச் சுடுவது. 1543-இல் தானெகாஷிமா தீவில் இறங்கி ஜப்பானின் போர்முறையையே மாற்றிய துப்பாக்கி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நம் கொட்டாரங்களில் இருந்ததற்கும் ஜப்பானிய சாமுராய் கையில் இருந்ததற்கும் ஒரே பாட்டி என்றால் நம்புவதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். விசையை வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

கல் விசை ஐரோப்பாவில் பரவிய பிறகும் இங்கே திரி போகவில்லை. அதைப் பிற்போக்கு என்று சொல்லிவிடுகிறார்கள். நல்ல சக்கிமுக்கிக்கல் கப்பலில் வர வேண்டும். கல் விசைக்கு நல்ல எஃகு வில்லும் நுணுக்கமான பொருத்தமும் வேண்டும். திரிக்கு வேண்டியது நூலும் வெடியுப்புக் கரைசலும். மழைதான் அதன் எதிரி. இரண்டு பருவமழையும் விழுகிற நாஞ்சில் நாட்டில் அந்த எதிரி வருஷத்தில் பாதிநாள் வாசலிலேயே நிற்பான் என்பதையும் சொல்ல வேண்டும். நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 கரி, 10 கந்தகம் என்ற கலவையில் உப்பு சுத்தமில்லாவிட்டால் ஈரத்தை இழுத்துக்கொண்டு மருந்து கட்டியாகிவிடும்.

1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சலில் டச்சுக்காரர்கள் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றார்கள். அன்று 24 ஐரோப்பியர்கள் சிறைப்பட்டதாகவும், 389 துப்பாக்கிகளும் சில பீரங்கிகளும் வாள்களும் பிடிபட்டதாகவும் 1878-இல் திருவிதாங்கூர் வரலாறு எழுதிய சங்குண்ணி மேனன் கணக்குச் சொல்கிறார். பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டாகியஸ் டிலனாய். பின்னால் அவரே திருவிதாங்கூர்ப் படையின் வலிய கப்பித்தான், அதாவது தலைமைத் தளபதி, ஆனார். தக்கலைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில், சுமார் 90 ஏக்கரில், உதயகிரிக் கோட்டை அவர் மேற்பார்வையில் புதுக்கிக் கட்டப்பட்டது. உள்ளே பீரங்கி வார்க்கும் சாலை வந்தது. 1777-இல் இறந்தவரை அந்தக் கோட்டைக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். கல்லறையில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பீரங்கியை வார்க்கலாம், வெண்கலத்தையோ வார்ப்பிரும்பையோ உருக்கி அச்சில் ஊற்றினால் ஆயிற்று. கைத்துப்பாக்கிக் குழலை அப்படி ஊற்றிவிட முடியாது. வார்ப்பிரும்பு நொறுங்கும் சாதி. அந்த மெல்லிய சுவரில் அது வெடிப்பைத் தாங்காது. குழலைப் பட்டடையில் வைத்து அடித்தே ஆகவேண்டும். ஆக உதயகிரியில் டிலனாய் வார்ப்பிலும் கவாத்திலும் ஆசானாக இருந்திருக்கலாம். இரும்புப் பட்டையைச் சுற்றி ஒட்டுவதில் நம் கொல்லன் ஆசாரிக்கு அவர் சொல்லித்தர அதிகம் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கல்லறையில் பெயர் இருப்பவருக்கு வரலாறு முழுப் பங்கையும் எழுதிக்கொடுத்துவிட்டது. குழல்களில் கொல்லன் பெயர் கிடைப்பது அபூர்வம்.

உதயகிரிக் கோட்டையில் அதிகாரியாக வேலை பார்த்தவர்தான் நீலகண்ட பிள்ளை. டிலனாயின் நட்பில் கிறிஸ்தவராகித் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவரை நிறுத்தி, திருவிதாங்கூர்ச் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் எலும்புகள் நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் இருக்கின்றன. குழல் யார் பக்கமும் நிற்பதில்லை. அதற்குப் பின்னால் இருக்கிற கையின் பக்கம்தான்.

அதே ஆரல்வாய்மொழியின் கணவாய் 1801-க்குப் பிறகு ஒரு விசித்திரமான எல்லையாயிற்று. பாளையக்காரர் போர் முடிந்த கையோடு, 1801 டிசம்பர் 1 அன்று கிழக்கிந்தியக் கும்பெனியின் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். தென்பாண்டிச் சீமையில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, கோட்டைகள் இடிக்கப்படும் என்றது அது. கணவாய்க்குக் கிழக்கே, திருநெல்வேலிப் பக்கத்தில், பரம்பரையாக வீட்டில் சாத்தியிருந்த குழல் ஒரே நாளில் குற்றப்பொருள். கணவாய்க்கு மேற்கே அதே மாதிரிக் குழல் திருவிதாங்கூர் மகாராஜாவின் படைக்கலம். எட்டு வருஷம் இப்படிப் போயிற்று.

திருவிதாங்கூரின் தளவாய், தலக்குளத்து வேலுத்தம்பி, 1809 ஜனவரி 11 அன்று குண்டறையில் கும்பெனிக்கு எதிராக முழங்கியபின் அந்தக் கணக்கும் தீர்ந்தது. பாஞ்சாலங்குறிச்சியில் பாளையக்காரர்களோடு சண்டை போட்ட கும்பெனி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், இப்போது மேஜராக, ஆரல்வாய்மொழிக் காப்பரணின் தென்பக்க மலையில் இரவோடு இரவாக ஏறினார். பிப்ரவரி 10 அன்று காப்பரண் விழுந்தது. 19-ஆம் தேதி உதயகிரியும் பத்மநாபபுரமும் கைமாறின. திருவிதாங்கூர்ப் படையில் பெரும்பகுதி கலைக்கப்பட்டது. கோட்டையில் அகப்பட்ட ஆயுதம் கும்பெனியுடையது. அகப்படாதது வைக்கோற்போருக்குள்ளும் பரணுக்கும் போயிருக்கும்.

பரணுக்குப் போன குழலின் முதுமைக்குப் பல வழி. மலையடிவாரத்தில் பன்றியிடமிருந்து விளைச்சலைக் காக்கச் சில குழல்கள் மறுபடியும் வேலைக்கு வந்தன. கேப் விசை பூட்டியது இந்தக் காலத்தில்தான். மேற்குத் தொடர்ச்சி மலை ஊர்களில் நாட்டுத் துப்பாக்கி பறிமுதல் என்று இன்றும் பேப்பரில் வருகிறதே, அது இந்த வம்சத்தின் கடைசிக் கிளை. அதில் சுற்றி அடித்த குழல் இருக்காது, தண்ணீர்க் குழாய்தான் இருக்கும். இன்னொரு கிளை கோயில் பக்கம் இருக்கிறது. மண்டைக்காடு போன்ற கோயில்களின் வெடிவழிபாட்டில் கதினாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒருபக்கம் அடைத்த தடித்த இரும்புக் குழல், அடியில் பற்றுவாய், உள்ளே கரிமருந்து. குண்டு மட்டும் கிடையாது. மற்றபடி இலக்கணம் அதேதான். மிச்சக் குழல்கள் பழைய இரும்பாகக் கொல்லன் பட்டறைக்கே திரும்பின. நல்ல இரும்பை எந்தக் கொல்லனும் விடமாட்டான்.

தப்பிப் பிழைத்த குழலைப் படிப்பது எப்படி? முதல் வேலை, அதில் மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது. கிண்டலுக்குச் சொல்லவில்லை, பழங்குழல்களில் போட்ட மருந்தும் குண்டும் அப்படியே கிடப்பது உண்டு, கரிமருந்து வயதானாலும் சாகாது. மரக்குச்சி ஒன்றை வாய் வழியே விட்டு, முட்டும் இடம் வரை அளந்து, வெளியே பற்றுவாய் வரை உள்ள நீளத்தோடு ஒப்பிட வேண்டும். உள்ளளவு நாலு விரற்கடை குறைந்தால் குழல் காலியில்லை. அப்போது தீ, வெல்டிங், துளையிடும் கருவி எதையும் கிட்டே கொண்டுவரக் கூடாது.

பிறகு பற்றுவாய். ஒவ்வொரு வெடிக்கும் அது கொஞ்சம் அரிக்கப்படும். மிகவும் அகன்றிருந்தால் குழல் நிறைய உழைத்திருக்கிறது. புது இரும்பு வைத்து அடைத்து மறுபடி துளைத்திருந்தால் அதை நம்பி யாரோ உயிரைப் பணயம் வைத்திருக்கிறார்கள். குழலின் நடுவில் ஓரிடம் மட்டும் மோதிரம் மாதிரி உப்பியிருந்தால், மண்ணோ சிக்கிய குண்டோ அடைத்திருந்தபோது சுட்டிருக்கிறார்கள். உள்ளே பள்ளம் பள்ளமான துரு இருந்தால் சுட்டபின் கழுவவில்லை. கரிமருந்தின் கசடு ஈரத்தை இழுக்கும், வெந்நீர் ஊற்றிக் கழுவிக் காயவைக்காவிட்டால் சீக்கிரமே அரிப்பு தொடங்கும். குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக்காற்றில் இன்னும் வேகம். உப்பு துருவின் அடியில் புகுந்துவிட்டால், வெளியே சுரண்டி எண்ணெய் போட்டாலும் மழைக்காலத்தில் சின்னச் சின்னத் துளிகளாகக் கசிந்துகொண்டே இருக்கும்.

துருவோடு சேர்ந்து நல்ல சாட்சி ஒன்றும் வரும். இரும்பும் கசடும் ஒரே வேகத்தில் அரிக்கப்படுவதில்லை. ஆகவே மெல்லிய துரு படிந்த குழலில் சாய்வான கோடுகள் தாமாகவே எழும். அவை பட்டை சுற்றிய வழி. நேர்க்கோடு ஒன்று நுனிமுதல் அடிவரை ஓடினால் அது ஓரம் ஒட்டிய குழல். அபுல் ஃபசல் எழுதிய இரண்டு வகையும் இப்படிக் கண்முன் வந்துவிடும். இதைத்தான் வியாபாரிகள் முதலில் அழிக்கிறார்கள். எமரித் தாளும் பஃப் சக்கரமும் வைத்து வெள்ளிபோலத் தேய்த்துவிட்டால் விலை ஏறும். கோடு, தழும்பு, பழைய செப்புப் பற்று எல்லாம் போய்விடும். துருப்பிடித்த குழலை என்னால் மன்னிக்க முடியும், பளபளக்கும் குழலை முடியாது. எக்ஸ்ரே எடுக்க வாய்ப்பிருந்தால் தொடாமலேயே எல்லாம் தெரியும்: எத்தனை துண்டு, ஒட்டு எங்கே, அடைப்பு மரையா பற்றா, உள்ளே குண்டு கிடக்கிறதா.

சட்டமும் இதில் ஒரு வார்த்தை சொல்கிறது. 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, பழங்கால மதிப்புள்ள, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாத ஆயுதத்தை விலக்கி வைக்கிறது. இந்தச் ‘சுட முடியாத’ என்ற நிபந்தனைக்காகச் சிலர் குழலில் துளை போடுகிறார்கள், அதுவும் பெரும்பாலும் அடிப்பக்கத்தில், ஒட்டும் அடைப்பும் இருக்கிற இடத்தில். 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய கைவினைப்பொருள் தொல்பொருள். ஒரு சட்டம் காப்பாற்றச் சொல்லும் பொருளை இன்னொரு சட்டத்துக்குப் பயந்து துளைக்கிறோம். துளைப்பதற்கு முன் காவல் நிலையத்தையும் தொல்லியல் துறையையும் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

அருங்காட்சியகச் சீட்டுகளில் ‘திரித் துப்பாக்கி, 18-ஆம் நூற்றாண்டு’ என்று பொதுவாக எழுதியிருப்பார்கள். அதற்குக் கீழே நான்கு விவரம் சேர்த்தால் போதும்: எடை, குழல் நீளம், துளையின் விட்டம், ஒட்டு நேரா சுற்றா. பத்மநாபபுரம், எழும்பூர், தஞ்சாவூர், கண்டி என்று இந்தப் பக்கத்துக் குழல்களின் இந்த நான்கு விவரமும் ஒரே தாளில் வந்துவிட்டால், எந்தப் பட்டறை எந்த வழியில் அடித்தது, கோவாவின் கை எதுவரை நீண்டது, உதயகிரியில் பிறந்தது எது, கப்பலில் வந்தது எது என்று பிரிக்கத் தொடங்கலாம். ஒரு தராசும் ஒரு காலிப்பரும் இருந்தால் நாளைக்கே ஆரம்பிக்கக்கூடிய வேலை.